சாவி யாரிடம், சிட்டை எங்கே? பங்காளிகள் சேர்ந்து வைத்திருக்கும் செட்டிநாட்டு வீட்டைக் காப்பது பற்றி

செட்டிநாட்டு வீடுகள் பலவும் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. முகப்பு ஒரு தெருவைப் பார்த்திருக்கும். பட்டாலை (முன்கூடம்), வளவு (தூண்கள் சூழ்ந்த முற்றமும் அறைகளும்), இரண்டாங்கட்டு, அடுப்படி, கிணற்றடி என்று நீண்டுபோய்ப் பின்வாசல் இன்னொரு தெருவில் திறக்கும். முகப்பில் மூன்று பூட்டு தொங்கும். பின்வாசலில் துருப்பிடித்த ஒரு நாதாங்கி. உடைக்கிறவனும் எடுக்கிறவனும் வரும் வழி அதுதான். அந்த நாதாங்கி ஏன் பத்து வருடமாக மாற்றப்படவில்லை என்று கேட்டுப் பாருங்கள். "பின்கட்டு பெரிய வீட்டுக்காரவுக பொழங்குறது, அவுகதான் பாக்கணும்" என்பார் ஒருவர். "பின்வாசல் எல்லாருக்கும் பொது, நாங்க மட்டும் எதுக்குச் செலவழிக்கணும்" என்பார் மற்றவர். இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. நாதாங்கி மட்டும் அப்படியே இருக்கிறது.

வெளியாள் வந்து சேதம் செய்வதற்குப் போலீஸ், பங்காளிகளுக்குள் வரும் மனக்கசப்புக்குப் பெரியவர்கள் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். இந்த வீடுகளைப் பொறுத்தவரை அந்தப் பிரிவு உதவுவதில்லை. எந்த வீட்டில் இரண்டு கிளைகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கின்றன என்பது ஊருக்குத் தெரியும்; கதவு நிலையைக் கழற்ற வருகிறவனுக்கும் தெரியும். அந்த வீட்டில் ஒரு தூண் போனால் அடுத்த படைப்புக்கு, அதாவது முன்னோருக்குப் படைக்கும் நாளுக்கு, ஆட்கள் கூடும்போதுதான் தெரியவரும். தெரிந்ததும் முதல் சந்தேகம் பங்காளி மேல்தான் விழும். சண்டை திருடனுக்கு வழி விடுகிறது. திருட்டு சண்டையை வளர்க்கிறது. இரண்டையும் ஒரே இடத்தில்தான் அறுக்க முடியும்: எது பொது, எது யாருடையது, எது எந்த நிலையில் இருந்தது என்பதைச் சேதம் நடக்குமுன்பே எழுதி வைப்பது.

எழுதுவது இந்த ஊருக்குப் புதிதல்ல. கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் வெள்ளிச் சாமானிலிருந்து பாய் தலையணை வரை சிட்டை (பொருள் பட்டியல்) போட்டு வைத்த வழக்கம் இது. பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்து அணா பைசா விடாமல் கணக்கு எழுதிய கைகள். கரண்டிக்குச் சிட்டை உண்டு. பர்மாத் தேக்குத் தூணுக்கு இல்லை. 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்த்தொகுதிகள் சேர்ந்தன. அந்தப் பட்டியலில் பெயர் இருப்பதால் எந்த வீட்டுக்கும் காவல் வந்துவிடாது. சிட்டையை வீட்டுக்காரர்கள்தான் போட வேண்டும்.

முதலில் பங்குக் கணக்கு

முதல் தாளில் எழுத வேண்டியது யாருக்கு எவ்வளவு என்பது. இது தலைக்கணக்கு அல்ல, கிளைக்கணக்கு. வீட்டைக் கட்டிய ஐயாவுக்கு மூன்று பிள்ளைகள் மட்டுமே வாரிசு என்றால் கிளைக்கு மூன்றில் ஒன்று. ஒரு கிளையில் இன்று நான்கு பேர், இன்னொரு கிளையில் ஒரே ஒருவர் என்றால், அந்த நால்வருக்கும் ஆளுக்குப் பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்த ஒருவருக்கு மூன்றில் ஒரு பங்கு. வருடப் பராமரிப்பு 1,20,000 ரூபாய் என்றால் நால்வரும் தலா 10,000, அவர் ஒருவரே 40,000. "எல்லாரும் சமமாப் போடுவோம்" என்று தொடங்கும் வசூல் இரண்டாம் வருடமே படுத்துவிடுவது இதனால்தான். பன்னிரண்டில் ஒன்று வைத்திருப்பவர், மூன்றில் ஒன்று வைத்திருப்பவருக்குச் சமமாக எத்தனை வருடம் கொடுப்பார்?

இந்தத் தாளில் பெண்மக்களின் பெயர் விடுபடுவதுதான் பெரிய தவறு. சீர் செய்து அனுப்பிவிட்டோம் என்பது சட்டத்தின் முன் நிற்காது. 1956-ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே தகப்பனாரின் தனிச்சொத்தில் மகளுக்குப் பங்கு வந்துவிட்டது. பூர்வீகச் சொத்தில் தமிழ்நாடு 1989-இல் திருத்தம் செய்தது; அது அப்போது திருமணமாகாதிருந்த மகள்களோடு நின்றது. 2005-இல் வந்த மத்தியத் திருத்தம் திருமணமானவர்களையும் சேர்த்தது. அந்தத் திருத்தம் வந்தபோது தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டிய கட்டாயமில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பதிவான பாகப்பிரிவினையும், நீதிமன்றத் தீர்ப்பால் ஆன பாகப்பிரிவினையும் இதனால் கலையாது. ஆகவே அக்கா தங்கைகளும் அத்தைமார் பிள்ளைகளும் கையெழுத்திடாத ஒப்பந்தம் பாதி ஒப்பந்தம். காசு போட வேண்டிய இடத்தில் அவர்களைக் கேட்காமல், கையெழுத்து வேண்டிய நாளில் மட்டும் தேடிப்போவது நியாயமும் இல்லை.

கூட்டுப் பட்டாவில் பெயர் இருப்பது, வீட்டுவரி ரசீது ஒருவர் பெயரில் வருவது, ஈ.பி. இணைப்பு இன்னொருவர் பெயரில் இருப்பது எதுவும் தனி உரிமையைக் காட்டாது. பல சண்டைகள் இந்த ரசீதை ஆட்டிக்காட்டுவதில்தான் தொடங்குகின்றன. பழைய பாகப் பத்திரத்தையும் வில்லங்கச் சான்றையும் ஒருமுறை எடுத்து எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்துவிடுங்கள்.

சிட்டை போடும் முறை

தெருவாசலில் தொடங்கி வலமாகச் சுற்றி வாருங்கள். ஒவ்வொரு கட்டுக்கும் ஓர் எழுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண். மு-1 முகப்புக் கதவு, ப-4 பட்டாலைத் தூண், வ-7 வளவில் ஏழாவது தூண். கதவு ஒன்றென்றால் நிலை, இரட்டைக் கதவு, மேற்செதுக்கல், குமிழ், தாழ்ப்பாள், சாவி என்று உள்ளே பிரித்து எழுதுங்கள். பெரும்பாலும் முழுக் கதவும் ஒரே நாளில் போவதில்லை. முதலில் பித்தளைக் குமிழ், பிறகு மேலே இருக்கும் கஜலட்சுமிப் பலகை.

ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று படம் வேண்டும். சுவரோடு சேர்த்து ஒன்று, அது எந்த இடத்துப் பொருள் என்று காட்ட. அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்து ஒன்று. அந்தப் பொருளுக்கு மட்டுமே உரிய குறையை நெருங்கி எடுத்தது ஒன்று: மரத்தின் வெடிப்பு, பழைய ஆணித் துளை, மூக்கு உடைந்த யாளி, ஆசாரி போட்ட உளிக்குறி. மூன்றாவது படத்தைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் விற்பது பேர்பெற்ற வியாபாரம். குடும்பங்களே முறையாக விற்ற பொருள் அங்கே ஏராளம். எந்தக் கடையிலானாலும் உங்கள் கதவைப் பார்த்துவிட்டால், "இதே மாதிரி ஆயிரம் கதவு இருக்கு" என்ற ஒரு வார்த்தைக்குப் பதில் சொல்ல உங்களிடம் அந்த மூன்றாவது படம் இருக்க வேண்டும்.

மரத்தில் அடையாளமும் போடலாம். கதவின் மேல் விளிம்பில், குடுமிப் பக்கம், கண்ணில் படாத இடத்தில் 3 மில்லிமீட்டர் எண் குத்தும் இரும்பு அச்சால் வீட்டு எண்ணைக் குத்தி வைத்தால் பாலீஷ் போட்டாலும் போகாது. செதுக்கிய முகத்தில் எதையும் குத்தாதீர்கள். நிலைக்கண்ணாடிக்கு முதுகுப் பலகை, பெட்டகத்துக்கு அடிப்பலகை. கையில் தூக்கிப் போகக்கூடிய ஓவியம், பித்தளை, வெள்ளி எதுவும் ஆளில்லாத வீட்டில் இருக்கவே கூடாது. சாமி அறையில் ஐம்பொன் விக்கிரகம் இருந்தால் அதற்கு நான்கு பக்கமும் படம், உயரம், எடை. தமிழ்நாடு காவல்துறையில் 1983 முதல் சிலை திருட்டுத் தடுப்புப் பிரிவு தனியாக இயங்குகிறது. படம் இல்லாத சிலையை அவர்களாலும் தேட முடியாது.

பலருக்குத் தெரியாத ஒன்று. 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் சட்டம், நூறு ஆண்டு ஆன பொருட்களில் கட்டிடத்திலிருந்து பெயர்த்தெடுத்த பாகத்தையும் சேர்த்தே சொல்கிறது. அத்தகைய பொருளை உரிமம் இல்லாமல் வியாபாரம் செய்யக்கூடாது. தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது. 1910-இல் கட்டிய வீட்டின் தூண் இன்று இதற்குள் வந்துவிட்டது. வீடு கட்டிய வருடம் முகப்பில் சுதையிலோ கல்லிலோ பொறித்திருந்தால் அதையும் படமெடுத்துச் சிட்டையின் முதல் பக்கத்தில் வையுங்கள்.

சிட்டை முடிந்ததும் ஒவ்வொரு பக்கத்திலும் கிளைக்கு ஒருவர் கையெழுத்து. வெளிநாட்டில் இருப்பவர் இங்கே ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுப்பதானால் இந்தியத் தூதரகத்திலோ அங்குள்ள நோட்டரியிடமோ சான்று பெற்று அனுப்ப வேண்டும். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். பத்திரம் மேசை இழுப்பறையில் கிடந்து இந்தக் கெடு தாண்டிப்போவது அடிக்கடி நடக்கிறது.

பூட்டும் சாவியும்

சாவிக்கொத்து மூன்று போதும். ஒன்று ஊரில் இருக்கும் பங்காளியிடம், ஒன்று வேறு கிளையில் ஒருவரிடம், ஒன்று காவலுக்கு இருப்பவரிடம். யார் எப்போது திறந்தார் என்று பட்டாலையில் ஒரு நோட்டு. யாரும் போகாத மச்சு அறைக்கும் சாமான் அறைக்கும் பூட்டின் மேல் எண் போட்ட பிளாஸ்டிக் முத்திரை மாட்டலாம், மின்மீட்டரில் இருப்பது போல. விலை சில ரூபாய்தான். அறுத்தால் தெரிந்துவிடும்; எண்ணை நோட்டில் எழுதியிருப்பதால் மாற்றி மாட்டவும் முடியாது. "நீதான் திறந்தாய்" என்ற பேச்சை இது பாதியாகக் குறைக்கும்.

பின்வாசல் நாதாங்கி மர ஸ்குரூவில் நின்றால் கடப்பாரையால் ஒரே நெம்பு. கதவைத் துளைத்து, வெளியே வழவழப்பான உருண்டைத் தலையும் உள்ளே வாஷரும் நட்டும் வரும்படி 8 மில்லிமீட்டர் போல்ட் போடுங்கள். செதுக்கிய முகப்புக் கதவில் துளை போடாதீர்கள். அதற்கு உள்ளிருந்து கணையமரம் குறுக்கே போட்டுவிட்டு வேறு வாசல் வழியாக வெளியே வருவதுதான் பழைய முறை, நல்ல முறையும்கூட. முற்றத்துக்கு மேல் கம்பி வலை, ஓட்டைத் தொடும் மரக்கிளைகளை வெட்டுவது, இரண்டும் கட்டாயம். ஓட்டைப் பிரித்து இறங்குகிறவனுக்கு அந்தக் கிளைதான் ஏணி.

கேமரா வைப்பதானால் முகப்பு, பின்வாசல், முற்றம். கரண்ட் இல்லாத வீட்டில் சோலார் பலகையோடு சிம் போடும் கேமரா வேலை செய்யும். பழுதாவதெல்லாம் சின்னக் காரணத்தில்தான்: சிம் ரீசார்ஜ் யாருடைய வேலை என்று முடிவாகாமல் நின்றுபோகும், அல்லது லென்ஸுக்கு முன் சிலந்தி வலை கட்டி இரவெல்லாம் பொய் எச்சரிக்கை வந்து, கடைசியில் எச்சரிக்கையையே அணைத்துவிடுவார்கள். ரீசார்ஜைப் பொதுக்கணக்கில் சேருங்கள், மாதம் ஒருமுறை ஒட்டடை அடிக்கச் சொல்லுங்கள். வளவில் இன்னொரு குடும்பத்தின் அறை வாசலைப் பார்த்துக் கேமரா திருப்பாதீர்கள். திருவிழாவுக்கு வந்து தங்கும் ஆச்சி, அண்ணமிண்டி (அண்ணன் மனைவி) நடமாடும் இடம் அது. அதில் தொடங்கும் சண்டை திருட்டைவிட நீளும்.

காவலுக்கு இருப்பவரின் சம்பளம் பற்றி ஒரு வார்த்தை. கிளைகளுக்குள் வசூல் நின்றால் முதலில் நிற்பது அவருடைய சம்பளம். ஆறு மாதம் பாக்கி வைத்துவிட்டுப் பொருள் காணோம் என்றதும் அவரைக் கையைக் காட்டுவது அநியாயம். அவர் சம்பளத்தை மட்டும் வருட ஆரம்பத்திலேயே தனியாக எடுத்து வைத்துவிடுங்கள்.

சேதம் நடந்த அன்று

எதையும் பெருக்காதீர்கள், உடைந்ததை எடுத்து அடுக்காதீர்கள். படம் எடுத்துவிட்டு, சிட்டையை வைத்து எண் எண்ணாகச் சரிபாருங்கள். புகாரில் "சில பழங்காலப் பொருட்கள் காணவில்லை" என்று எழுதினால் யாரும் எதையும் தேட முடியாது. "வ-7, வ-8 எண்ணுள்ள தேக்குத் தூண்கள் இரண்டு, உயரம் இவ்வளவு, படம் இணைப்பு" என்று எழுதினால் அது புகார்.

சேத மதிப்பை ஆசாரியிடமும் கொத்தனாரிடமும் எழுத்தில் வாங்குங்கள். காரணம் இருக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் சொத்துச் சேதத்துக்கான 324-ஆம் பிரிவு, தொகையைப் பார்த்துத்தான் தண்டனை சொல்கிறது. 20,000 ரூபாய்க்கு மேல் ஒரு லட்சத்துக்குள் என்றால் இரண்டு ஆண்டு வரை. ஒரு லட்சமும் அதற்கு மேலும் என்றால் ஐந்து ஆண்டு வரை. 20,000 ரூபாய்க்குக் கீழே உள்ள சாதாரணச் சேதத்தில் நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. செட்டிநாட்டுத் தேக்குக் கதவின் மதிப்பைப் பதற்றத்தில் "ஒரு அஞ்சாயிரம் இருக்கும்" என்று சொல்லிவிட்டால் வழக்கின் கனமே மாறிவிடும். வீட்டுக்குள் புகுந்து திருடியிருந்தால் 305-ஆம் பிரிவு, ஏழு ஆண்டு வரை. ஆள் குடியில்லாமல் பொருள் மட்டும் வைத்திருக்கும் கட்டிடமும் அதில் அடங்கும். "பூட்டிக் கிடந்த வீடுதானே" என்ற பதிலை ஏற்க வேண்டியதில்லை.

புகார் இரண்டு பிரதி. ஒன்றில் முத்திரையோடு ரசீது. முதலில் சி.எஸ்.ஆர். என்ற புகார் ரசீதைக் கொடுப்பார்கள், அது எஃப்.ஐ.ஆர். அல்ல. எஃப்.ஐ.ஆர். பதிவானால் அதன் நகல் புகார்தாரருக்கு இலவசம். நிலையத்தில் மறுத்தால் அதே புகாரை மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்குத் தபாலில் அனுப்பலாம், அதற்கும் பயனில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் போகலாம். சென்னையில் இருப்பவர் அங்கேயுள்ள நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். மின்னஞ்சல் வழியாகவும் அனுப்பலாம், ஆனால் மூன்று நாளுக்குள் வந்து கையெழுத்திட வேண்டும். எந்த ஊர் எந்த மாவட்டம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: கானாடுகாத்தானும் தேவகோட்டையும் சிவகங்கை, இராயவரமும் நச்சாந்துபட்டியும் புதுக்கோட்டை.

கேமராப் பதிவை அன்றே நகல் எடுங்கள். சில நாட்களில் பழையதன் மேல் புதியது பதிந்துவிடும். நீதிமன்றத்தில் அது நிற்க வேண்டுமானால் பாரதிய சாட்சிய அதிநியம் 63-ஆம் பிரிவின்படி, பதிவின் ஹேஷ் எண்ணோடு (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் எண்) சான்றிதழ் வேண்டும். வாட்ஸ்அப்பில் சுற்றிவந்த காணொளிக்கு அந்தச் சான்றைக் கொடுப்பது பெரும் சிரமம். மெமரி கார்டை அப்படியே உறையிலிட்டு வைத்திருங்கள்.

இன்ஷூரன்ஸ் இருந்தால், வீடு 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தால் என்ன நிபந்தனை என்று பாலிசியில் பாருங்கள். பலவற்றில் முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்திருக்க வேண்டும்.

பங்காளியே கழற்றினால்

இதுதான் மனம் வலிக்கிற இடம். "என் பங்குத் தூணை நான் எடுத்துக்கிறேன்" என்று ஒருவர் ஆள் கூட்டிவந்து நிற்பார். பாகம் பிரியாத வீட்டில் அப்படி ஒரு தூண் கிடையாது. மூன்றில் ஒரு பங்கு என்றால் ஒவ்வொரு செங்கல்லிலும் மூன்றில் ஒரு பங்கு. பேசி வைத்துக்கொண்ட வசதிக்காக வளவில் ஒரு அறை ஒரு கிளையிடம் இருக்கலாம். அதனால் அந்த அறைக் கதவு அவருக்குத் தனிச்சொத்தாகிவிடாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். வளவுத் தூண் அழகுக்கு நிற்பதல்ல. அதன் மேல் உத்தரம், உத்தரத்தின் மேல் முற்றத்துச் சரிவு. ஒன்றை எடுத்து இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்தால் பாரம் பக்கத்துத் தூண்களுக்குப் போகும். இரண்டு மழைக்காலத்தில் உத்தரம் தொய்ந்து ஓடு நழுவும்.

போலீஸிடம் போனால் "இது சிவில் மேட்டர்" என்பார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆகவே முதலில் ஒரு கடிதம், ஸ்பீட் போஸ்டில், ஒப்புகையோடு. குற்றச்சாட்டு வேண்டாம். "அண்ணே, இந்த மாதம் 12-ஆம் தேதி வளவில் வ-7, வ-8 தூண்களைக் கழற்ற ஆள் வந்ததாகத் தெரிகிறது. அவை நம் எல்லோருக்கும் பொதுவானவை என்று நீங்களும் கையெழுத்திட்ட சிட்டையில் இருக்கிறது. பணத் தேவை இருந்தால் உங்கள் பங்கை மதிப்புப் போட்டு எடுத்துக்கொள்ள நாங்கள் தயார். அதுவரை எதையும் கழற்ற வேண்டாம்." இவ்வளவு போதும். மூன்றாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். கழற்றுகிறவர்களில் பலர் ஆசையால் அல்ல, கையில் காசில்லாமல் அப்படிச் செய்கிறார்கள்.

பேசுவதற்கு உட்காருகிறவர் அதே படைப்பு வீட்டுப் பங்காளியாக இருக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நகரத்தாரின் ஒன்பது கோயில் பிரிவுகளில் வேறு கோயிலைச் சேர்ந்த, இரு தரப்புக்கும் சம்பந்த வழியில் உறவான ஒருவர் உட்கார்ந்தால் பேச்சில் பங்கு கலக்காது. முடிந்ததைத் தாளில் எழுதி, புது உரிமை எதையாவது அந்தத் தாளே உண்டாக்கினால் பதிவும் செய்யுங்கள். அப்படிப்பட்ட தாள் பதிவாகாமல் இருந்தால் நாளை நீதிமன்றத்தில் உரிமைக்குச் சான்றாக நிற்காது. இன்னொரு வழி, வழக்குக்கு முன்பே வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனுக் கொடுத்து மக்கள் நீதிமன்றத்தில் முடிப்பது. நீதிமன்றக் கட்டணம் இல்லை. முடிவு தீர்ப்பாணைக்குச் சமம், மேல்முறையீடும் கிடையாது. இந்த வழியை நம் ஊர்களில் போதுமான அளவு பயன்படுத்துவதில்லை.

கழற்றுவது நாளைக்கே என்றால் காத்திருக்க முடியாது. பாகப்பிரிவினை வழக்கோடு இடைக்காலத் தடை கேட்க வேண்டும். கூடவே வழக்கறிஞர் ஆணையரை நியமிக்கவும் கேளுங்கள். அவர் வந்து வீட்டின் நிலையைப் படத்தோடு அறிக்கை கொடுத்துவிட்டால், பிறகு யாரும் "அந்தத் தூண் முன்னாடியே இல்லை" என்று சொல்ல முடியாது. எதிர்த்தரப்பு முந்திக்கொண்டு உங்களைக் கேட்காமலே உத்தரவு வாங்கிவிடும் என்ற பயம் இருந்தால் கேவியட் மனு போட்டு வையுங்கள். அது 90 நாள் செல்லும். பிறகு புதுப்பிக்க வேண்டும்.

பங்கை வெளியாளுக்கு விற்றுவிட்டால்? விற்க அவருக்கு உரிமை உண்டு. ஆனால் சொத்து மாற்றுச் சட்டம் 44-ஆம் பிரிவின்படி, பிரியாத குடும்பத்தின் குடியிருப்பு வீட்டில் பங்கு வாங்கிய வெளியாள், உள்ளே வந்து கூடக் குடியிருக்க உரிமை கோர முடியாது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், 1893-ஆம் ஆண்டு பாகப்பிரிவினைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவைக் காட்டி, நீதிமன்றம் போடும் மதிப்பில் அந்தப் பங்கைக் குடும்பத்தாரே வாங்கிக்கொள்ளலாம். ஆளைக் கொண்டுவந்து பூட்டை உடைக்கும் வாங்குபவரிடம் பலத்தைக் காட்டாமல் இந்த இரண்டு பிரிவுகளைக் காட்டுங்கள்.

சுவர், எச்சில், போஸ்டர்

சேதத்தைவிடச் சுத்தம் செய்வதில் நாசமான சுவர்கள் அதிகம். செட்டிநாட்டு வெள்ளைக்காரை என்பது சுண்ணாம்புப் பூச்சு. வெற்றிலை எச்சிலைப் போக்க எலுமிச்சைச் சாறு, ஆசிட் என்று எதை வைத்தாலும் கறையோடு சுவரையும் தின்றுவிடும். வழவழப்புப் போன இடம் திரும்பி வராது. தண்ணீரில் நனைத்த பருத்தித் துணியை ஒட்டி ஊறவிட்டு மென்மையான நார் பிரஷால் எடுங்கள். கொஞ்சம் நிழல் தங்கினால் தங்கட்டும். ஆத்தங்குடிக் கல்லுக்கும் ஆசிட் ஆகாது, அதுவும் சிமெண்டுதான். கரியால் கிறுக்கியதை ஈரம் படாமல் ரப்பரால் எடுக்க வேண்டும். நனைத்தால் உள்ளே இறங்கும்.

ஸ்பிரே பெயிண்ட்டில் தின்னரைத் துணியில் நனைத்துத் தேய்ப்பது மிகப் பெரிய தவறு. கரைந்த சாயம் காரையின் நுண்துளைக்குள் போய்விடும். வெள்ளைக் களிமண் பொடியைத் தின்னரில் பிசைந்து அரை சென்டிமீட்டர் கனத்தில் பற்றுப் போட்டு, பிளாஸ்டிக் தாளால் மூடிவைத்து, பிறகு திறந்து உலரவிட்டு எடுத்தால் சாயம் பற்றுக்குள் வரும். இரண்டு மூன்று முறை செய்ய வேண்டியிருக்கும். முதலில் மறைவான மூலையில் சோதித்துப் பாருங்கள். கதவு சன்னல் திறந்திருக்கட்டும். பக்கத்தில் பீடி விளக்கு எதுவும் வேண்டாம்.

பெயர்ந்த இடத்தைச் சிமெண்டால் அடைக்காதீர்கள். சிமெண்டு சுவரின் ஈரத்தை வெளியே விடாது; ஈரம் சுற்றுப்புறத்துக் காரைக்குப் போய் உப்புப் பூக்கும், ஒரு சாண் ஓட்டை ஒரு முழமாகும். நன்றாக ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, மணல் மூன்று பங்கு, கடுக்காய் ஊறிய தண்ணீர். பழைய சுவரை நனைத்துவிட்டு மெல்லிய அடுக்குகளாகப் பூசி, ஈரச் சாக்கு மூடி ஒரு வாரமாவது காயவிடாமல் வையுங்கள். மேல்பூச்சு வெள்ளைக்காரை தெரிந்த கொத்தனார் கையில்தான்.

போஸ்டரை நனைத்து, காத்திருந்து, மரச் சுரண்டியால் எடுங்கள். சொந்தக்காரர் சம்மதமில்லாமல் ஒட்டுவதற்கு எதிராக 1959-ஆம் ஆண்டிலிருந்தே தமிழ்நாட்டில் சட்டம் இருக்கிறது. போஸ்டரில் அச்சகத்தின் பெயர் இருக்கும், படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இரவில் திண்ணையில் குடிக்க உட்காருகிறவர்களுக்கு, ஆள் நடந்தால் எரியும் விளக்கு பூட்டைவிட நன்றாக வேலை செய்கிறது. வழிப்போக்கர் இளைப்பாறக் கட்டிய திண்ணையைக் கம்பி போட்டு மூடுவது மனதுக்கு ஒப்பாத காரியம். விளக்கை முதலில் முயன்று பாருங்கள்.

கூரை பொது

குடியிருப்பவர்களுக்குள் வரும் சண்டையில் பாதி தண்ணீர்ச் சண்டை. "உங்க மச்சுலேர்ந்துதான் எங்க அறையில ஒழுகுது." ஓட்டுச் சரிவிலும் சுண்ணாம்புத் தளத்திலும் தண்ணீர் ஓரிடத்தில் இறங்கி, சட்டத்தின் வழியே ஓடி, வேறிடத்தில் சொட்டும். சொட்டும் இடத்துக்கு நேர் மேலே ஓட்டை இருக்க வேண்டியதில்லை. கண்டுபிடிக்க, வெயில் நாளில் குழாயோடு ஒருவர் மேலே, கீழே ஒருவர். சரிவின் அடியில் தொடங்கி மேல்நோக்கி, பகுதிக்குப் பதினைந்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். மேலிருந்து தொடங்கினால் எங்கிருந்து வந்தது என்று தெரியாது. இரு தரப்பும் சேர்ந்து பார்க்க வேண்டும், தனியாகப் பார்த்துவிட்டுச் சொன்னால் மற்றவர் நம்பமாட்டார். இந்தக் காரணத்தால்தான் ஒப்பந்தத்தில் ஒரு வரியை விட்டுக்கொடுக்கவே கூடாது: கீழே யார் அறை இருந்தாலும் கூரை முழுவதும் பொது, செலவும் பொது.

இரண்டாங்கட்டில் புதுக் கழிப்பறை, வளவுச் சுவரில் ஏ.சி. வெளிப்பெட்டி, குறுக்குச் சுவர் மூன்றும் எல்லோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் கூடாது. பொது விளக்குக்கும் மோட்டாருக்கும் தனி மின் இணைப்பு வாங்கிவிட்டால் பாதிப் பேச்சு குறையும். படப்பிடிப்புக்கோ கல்யாணத்துக்கோ வாடகைக்கு விட்டால், முன்பணம் வாங்கி, தூணில் ஆணி கூடாது என்று எழுதி, உள்ளே விடுமுன்னும் வெளியே அனுப்புமுன்னும் சிட்டையோடு சுற்றிப் பாருங்கள். அந்த வாடகை சாவி வைத்திருப்பவருடையதல்ல; பொதுக்கணக்கில் வரவு. காரைக்குடியில் எழும் ஃபிளாட்டுகளில் இருப்பவர்களுக்கு 2022-ஆம் ஆண்டு அடுக்ககச் சட்டப்படி சங்கமும் விதிகளும் உண்டு. பங்காளி வீட்டுக்கு அப்படி ஒன்று இல்லை, நீங்கள் எழுதுவதுதான் விதி.

ஐப்பசி மழைக்கு முன், புரட்டாசியில் ஒரு நாள் ஓடு மாற்றவும், மூலைத் தகரத்தில் அடைந்த சருகு எடுக்கவும், பின்வாசல் போல்ட்டை முடுக்கவும் ஒதுக்குங்கள். படைப்புக்கு எல்லோரும் கூடும் நாளில் சாப்பாட்டுக்கு முன்பே, கையில் சிட்டையோடு கிளைக்கு ஒருவராகத் தெருவாசலிலிருந்து பின்வாசல் வரை நடந்து, எண் எண்ணாகப் பார்த்துத் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். இரண்டு மணி நேரம் ஆகும். சிறுபிள்ளைகளையும் கூட்டிச் செல்லுங்கள். அடுத்த முறை அளவு நாடாவைப் பிடிக்க அவர்கள்தான் வேண்டும்.